ஆட்டுக்கல்லும் பாப்பாஞ்ஞியும்: போர்ட் கொச்சியில் கழித்த பொருளும் கலையும்

"குப்பை" என்னும் சொல்லை இன்று நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்கிறோம். பழந்தமிழில் அந்தச் சொல்லுக்கு இந்த நாற்றம் கிடையாது. குவித்து வைத்தது என்பதே அதன் பொருள். களத்தில் குவித்த நெல்லையும் குப்பை என்றே அன்றைய புலவர்கள் பாடியிருக்கிறார்கள். வேண்டாதது, கழித்தது என்ற பொருள் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு பொருள் எப்போது குப்பையாகிறது? குப்பையானது திரும்பவும் எப்போது மதிப்புப் பெறுகிறது? அதைத் தீர்மானிப்பவர் யார்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. எர்ணாகுளம் படகுத்துறையில் ஏறி அக்கரையில் இறங்கினால் போதும். போர்ட் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையில், நடந்தே சுற்றிவிடக்கூடிய தூரத்துக்குள், நான்கு விதமான விடைகள் கிடைக்கின்றன. பியென்னாலே என்னும் பன்னாட்டுக் கலைவிழா தருவது ஒரு விடை. ஆண்டுக் கடைசி இரவில் எரிக்கப்படும் பாப்பாஞ்ஞி தருவது இன்னொன்று. வேளியில் இருக்கும் நம்மவர் சலவைத்துறை மூன்றாவது. யூதத் தெருவின் பழம்பொருள் கடைகள் நான்காவது. இவற்றை அருகருகே வைத்து மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கழித்த பொருளை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் வைத்துவிட்டால் மட்டும் அது கலையாகிவிடாது. அதைச் செய்த கை, அதைப் புழங்கிய கை, இந்த இரண்டும் பார்க்கிறவர் மனசுக்கு எட்ட வேண்டும். எட்டினால் கலை. எட்டாவிட்டால் அலங்காரம், அவ்வளவுதான்.

170 ஆட்டுக்கற்கள்

கொச்சி-முசிறி பியென்னாலே 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கியது. போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரண்டு கேரளக் கலைஞர்கள் முன்னின்று தொடங்கிய விழா அது. முக்கிய அரங்கம் ஆஸ்பின்வால் ஹவுஸ். 1867-ல் ஜான் ஆஸ்பின்வால் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய வணிக நிறுவனத்தின் கடலோர வளாகம். மிளகு, தேங்காய் எண்ணெய், இஞ்சி, மஞ்சள், கயிறு எல்லாம் அங்கிருந்து கப்பலேறின. வணிகம் ஓய்ந்த பிறகு வளாகமும் ஓய்ந்து கிடந்தது. ஆக, கழித்த பொருள்களால் ஆன கலையைப் பார்க்க நாம் போன இடமே காலம் கழித்துப் போட்ட ஒரு பொருள்தான். அந்த முதல் விழாவில் வைக்கப்பட்ட மூன்று படைப்புகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மூன்றுமே பழம்பொருளால் ஆனவை. ஆனால் மூன்றும் அந்தப் பொருளை நடத்திய விதம் வேறு வேறு.

முதலாவது, பெங்களூரில் வாழும் ஷீலா கௌடாவும் சுவிட்சர்லாந்துக்காரரான கிறிஸ்டோஃப் ஸ்டோர்ஸும் சேர்ந்து செய்த 'ஸ்டாப்ஓவர்'. நம் வழக்கில் சொன்னால் வழித்தங்கல். சுமார் 170 கருங்கல் ஆட்டுக்கற்கள். பெங்களூர் வீடுகளின் சமையலறைத் தரையில் ஒரு காலத்தில் பதித்திருந்தவை. வீட்டை இடித்துக் கட்டும்போது பெயர்த்துத் தெருவோரம் போட்டுவிட்டார்கள். உடைக்கவோ குப்பை வண்டியில் ஏற்றவோ யாருக்கும் மனசு வரவில்லை. ஏன் என்று நமக்குச் சொல்ல வேண்டுமா? அம்மி மிதிக்காமல் நம் வீட்டில் கல்யாணம் ஏது? தொட்டிலிடும் நாளில் குழவிக் கல்லையே முதல் குழந்தையாகப் பாவித்துத் தொட்டிலில் போடுகிற குடும்பங்கள் இன்றும் உண்டு. வேலைக்கு ஆகாது, ஆனாலும் வீசி எறியக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் தெருவோரம் கிடந்த கற்களைத்தான் கலைஞர்கள் சேகரித்துக் கொச்சித் துறைமுகக் கரைக்குக் கொண்டுவந்து பரப்பினார்கள்.

நான் பார்க்கப் போன அன்று, பக்கத்தில் நின்ற நம்மூர்க்காரர் ஒருவர் தன் மனைவியிடம் சொன்னார்: "இதுல என்ன கலை இருக்கு? எங்க ஆத்தா வீட்டுக் கொல்லையில இதைவிடப் பெரிசு கிடந்துச்சே." அந்த அம்மா பதில் சொல்லவில்லை. குனிந்து, ஒரு கல்லின் குழிக்குள் கையை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். "நல்லா ஆட்டின கல்லுங்க இது" என்றார். விமரிசனம் என்று பார்த்தால், அந்த அம்மா சொன்னதற்கு மேல் நான் சொல்ல அதிகமில்லை.

ஏனென்றால் ஆட்டுக்கல்லின் அழகு கல்தச்சர் கொடுத்ததில் பாதிதான். புதுக்கல்லில் உளித் தடம் சொரசொரவென்று இருக்கும். ஆட்ட ஆட்டக் குழி வழவழப்பாகும், ஆழமாகும். வழவழப்பு மிஞ்சினால் மாவு சரியாக மசியாது. தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு போகிறவரைக் கூப்பிட்டுக் கொத்த வைக்க வேண்டும். அப்புறம் மறுபடியும் ஆட்டல். முப்பது, நாற்பது வருஷம் விடியற்காலையிலும் இரவிலும் ஒரு பெண்ணின் தோள் சுழன்று சுழன்று செதுக்கிய சிற்பம் அந்தக் குழி. ஷீலா கௌடாவும் ஸ்டோர்ஸும் செய்த நல்ல காரியம், அதன்மேல் தங்கள் சாமர்த்தியத்தைக் காட்டாமல் விட்டதுதான். கல் கல்லாகவே இருந்தது. ஒரு கல் மட்டும் கிடந்தால் அது வீட்டுச் சாமான். 170 கற்கள் கடலைப் பார்த்துக் கிடந்தபோது, நாற்பது ஐம்பது ஆண்டுகளில் தென்னாட்டுச் சமையலறையே இடம்பெயர்ந்த கதை அங்கே தெரிந்தது.

இதை நான் பழமைப் புலம்பலாகச் சொல்லவில்லை. கிரைண்டர் வந்ததால் பெண்களின் தோள் பிழைத்தது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அதில் நமக்குப் பெருமைதான். "மறுபடியும் உரல்ல ஆட்டு" என்று யாரும் யாரையும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. உழைப்பை விட்டுவிடலாம். அந்த உழைப்பு நடந்தது என்ற நினைவையும் சேர்த்து விட்டுவிடலாமா என்பதுதான் 'ஸ்டாப்ஓவர்' கேட்ட கேள்வி. அதில் எனக்கு ஒரு குறையும் உண்டு. எந்தக் கல் எந்தப் பேட்டையிலிருந்து வந்தது, யார் வீட்டில் எத்தனை தலைமுறை இருந்தது என்பது பார்வையாளனுக்குத் தெரியவில்லை. கை தெரிந்தது, கைக்குரியவர் தெரியவில்லை.

முசிறியின் ஓடுகள்

இரண்டாவது படைப்பு விவான் சுந்தரத்தின் 'பிளாக் கோல்டு', அதாவது கருப்புத் தங்கம். மிளகுக்கு வழங்கிய பெயர். இது தமிழர்களுக்கு மிக நெருக்கமான பொருள். வடக்குப் பறவூருக்கும் கொடுங்கல்லூருக்கும் இடையில் உள்ள பட்டணம் என்ற ஊரில், கேரள வரலாற்று ஆய்வுக் குழு 2007 முதல் பி.ஜே. செறியான் தலைமையில் அகழாய்வு நடத்தியது. மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் துண்டுகளும், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் அங்கே கிடைத்தன. அகநானூற்றின் 149-ஆம் பாட்டு, யவனர் பொன்னொடு வந்து கறியொடு மீண்டதைப் பேசும் முசிறி இந்தப் பகுதியில்தான் இருந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் அந்தத் துறைமுகத்தைத் தூர்த்துக் கொச்சித் துறைமுகத்தைத் திறந்துவிட்டது என்று சொல்வது மரபு.

அகழாய்வில் கிடைக்கும் ஓடுகளில் எழுத்தோ அரிய வடிவமோ உள்ளவை காட்சிப் பெட்டிக்குப் போகும். மற்றவை எண்ணி, வகைப்படுத்தி, ஒதுக்கப்படும். ஒதுக்கிய ஓடுகளைத்தான் சுந்தரம் கேட்டு வாங்கினார். ஒரு தடவை அந்தக் காலத்துக் குயவனின் வாடிக்கையாளர் கழித்தது. மறு தடவை நம் காலத்து ஆய்வாளர் கழித்தது. இரண்டு முறை கழிக்கப்பட்ட அந்தத் துண்டுகளை ஆயிரக்கணக்கில் பரப்பி, ஒரு நகரமே மேலிருந்து தெரிவதுபோல அமைத்தார். அதில் தண்ணீர் புகுந்து மிளகு மிதந்து போகும் காட்சியை வீடியோவாகவும் காட்டினார். வெள்ளம் கொண்டுபோன துறைமுகத்துக்கு வெள்ளத்தையே மீண்டும் வரவழைத்தது பெரிய கற்பனை. அதற்கு முன்பே, 2008-ல், டில்லியில் குப்பை பொறுக்கி வாழ்பவர்களோடு சேர்ந்து குப்பையாலேயே ஒரு நகரத்தைக் கட்டி 'டிராஷ்' என்று பெயரிட்டவர் அவர். 2023-ல் மறைந்த அந்தக் கலைஞருக்குக் கழித்த பொருள் வாழ்நாள் விஷயம்.

ஆனால் 'கருப்புத் தங்கம்' என்னை வியக்க வைத்த அளவுக்கு நெகிழ வைக்கவில்லை. காரணம் பார்வையின் உயரம். நகரத்தைக் காட்ட வேண்டுமானால் ஓடு செங்கல்லாக வேண்டியிருக்கிறது. செங்கல்லானதும் அது பானையின் கழுத்தா, மூடியா, விளிம்பில் குயவர் விரல் பதிந்ததா என்பது மறைந்துபோகிறது. பறவைப் பார்வையில் ஊர் தெரிகிறது, வீடு தெரிவதில்லை. 2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே கண்ணாடிக்குள் இருக்கும் கீறல் ஓட்டின் முன்னால் நம் குழந்தைகள் நின்று, "இது யார் பேருப்பா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி ஆஸ்பின்வால் ஹவுஸில் எழவில்லை.

படகு நிறைய வீடு

மூன்றாவது, பீகாரில் பிறந்து டில்லியில் வாழும் சுபோத் குப்தாவின் படகு. பாரசீகக் கவிஞர் ரூமியின் வரி ஒன்றைத் தலைப்பாகக் கொண்டது. கேரளத்து மீன்பிடிப் படகு. அதற்குள் கட்டில், நாற்காலி, வலை, பானை, டின், தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் விளிம்பு வரை. பார்த்த மாத்திரத்தில் பிரமிப்புத் தரும் படைப்பு. புலம்பெயர்ந்தவன் எவனுக்கும் அதில் ஒரு தைப்பு உண்டு. லாரியின் பின்பக்கத்தில் அம்மியும் டிரங்குப் பெட்டியும் பாயும் மெத்தையுமாக வாளையாறு தாண்டி வந்த குடும்பங்கள் நம்மில் எத்தனை!

இருந்தாலும், அந்தப் படகில் எந்தப் பொருளையும் தனியாகப் பார்க்க முடியவில்லை. எல்லாம் சேர்ந்து ஒரு குவியல். முதலில் சொன்ன சொல்லாராய்ச்சிக்கு இங்கே வேலை வருகிறது. குவியலின் கவர்ச்சி வேறு, பொருளின் மதிப்பு வேறு. ஏழை வீட்டின் தட்டுமுட்டுச் சாமானை மொத்தமாக ஏற்றிக் காட்டும்போது, அது அவர்கள் வாழ்க்கையாகத் தெரிகிறதா, நமக்கு ஒரு வேடிக்கையாகத் தெரிகிறதா? கொச்சிக்குப் பிறகு 2013-ல் அந்தப் படகு லண்டன் காட்சிக்கூடம் ஒன்றுக்குப் போயிற்று. அங்கே பார்த்தவர்களுக்கு அது கொச்சிப் படகா, கொல்லத்துப் படகா, வலை எந்த மீனுக்கான வலை என்பதெல்லாம் தேவைப்பட்டிருக்காது. தேவைப்படாமல் செய்துவிடுவதுதான் குவியலின் குறை.

ஆக, மூன்று படைப்புகளில் கலைஞர் கை குறைவாகப் பட்டதே மேலானதாக நிற்கிறது. இது தற்செயல் அல்ல. அன்றாடப் பொருளே முதலில் ஒரு கலைப்படைப்பு என்பதை ஒப்புக்கொண்டவர்கள்தான் அதைக் கழித்த பிறகும் மரியாதையாகக் கையாளுகிறார்கள். கொழும்பில் பிறந்த தமிழரான ஆனந்த குமாரசுவாமி, கலை வேறு கைத்தொழில் வேறு என்ற பிரிவினையே இக்காலத்து நோய் என்று வாழ்நாள் முழுதும் வாதாடினார். ஜப்பானில் யானகி சோயெட்சு 1920-களில் 'மிங்கெய்' என்ற இயக்கத்தைத் தொடங்கி, பெயர் தெரியாத கைகள் செய்த சோற்றுக் கிண்ணத்துக்கும் தேநீர்ச் சாடிக்கும் 1936-ல் டோக்கியோவில் அருங்காட்சியகமே எழுப்பினார். நம் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் வந்த கே.ஜி. சுப்ரமணியன், பெரிய ஓவியராக இருந்தும், பரோடா கலைக்கல்லூரிச் சந்தைக்காக மரம், தோல், மணி முதலியவற்றை வைத்துக் குழந்தைகளுக்குப் பொம்மை செய்தார். அதை அவர் சில்லறை வேலையாக நினைத்ததில்லை. சண்டிகரில் நேக் சந்த் என்ற சாலைத் துறை ஊழியர், உடைந்த வளையலையும் ஓட்டையும் பீங்கானையும் வைத்து யாருக்கும் தெரியாமல் வளர்த்த பாறைத் தோட்டம் 1976-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இந்த நால்வரும் படித்த படிப்பும் வளர்ந்த சூழலும் வேறு. அன்றாடக் கையின் மேல் வைத்த மரியாதை ஒன்று.

எரிக்கவே செய்யும் பொம்மை

இனி, எந்தக் கலைஞர் பெயரும் தேவைப்படாத படைப்புக்கு வருவோம். டிசம்பர் மாதம் போர்ட் கொச்சிச் சந்துகளில் போனால், வைக்கோலும் பழைய சட்டையும் காற்சட்டையும் சாக்குமாகப் பையன்கள் ஒரு கிழவனைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அவன்தான் பாப்பாஞ்ஞி, கழிந்து போகும் ஆண்டின் உருவம். போர்த்துகீசியர் காலத்து வழக்கத்தின் எச்சம் என்பார்கள். 1980-களின் நடுவிலிருந்து கொச்சின் கார்னிவல் என்ற பெயரில் ஊர்விழாவாக நடக்கிறது. டிசம்பர் 31 நள்ளிரவில் பெரிய பாப்பாஞ்ஞி எரியும்போது பார்க்க வரும் கூட்டத்தைச் சொல்லி மாளாது.

இது நமக்கு அந்நியமான சங்கதியா என்ன? மார்கழிக் கடைசி நாளில் நாம் கொளுத்தும் போகிக்கும் இதற்கும் இரண்டு வாரம்தான் இடைவெளி. மழை பொய்த்தால் வைக்கோலால் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்து, அழுது, எரிப்பது நம் கிராமங்களின் வழக்கம். சோளக்கொல்லைப் பொம்மையும், கட்டுகிற வீட்டின் முன்னால் தொங்கும் திருஷ்டிப் பொம்மையும் அதே வைக்கோல், அதே பழைய சட்டைதான். ஒரு வித்தியாசம் மட்டும் கவனிக்கத்தக்கது. போகியில் பழசை அப்படியே நெருப்பில் போடுகிறோம். பாப்பாஞ்ஞியில் பழசுக்கு முதலில் முகம் வரைந்து, தொப்பி போட்டு, ஒரு மாதம் தெருவில் நிறுத்தி, பேர் சொல்லிக் கேலி பண்ணி, அப்புறம் வழியனுப்புகிறார்கள். கழிப்பதற்கு முன்னால் ஒரு மரியாதை.

வைக்கோல் பொம்மைதானே என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். 2022 டிசம்பரில் அதன் முகத்தில் பிரதமரின் சாயல் இருக்கிறது என்று பா.ஜ.க.வினர் எதிர்ப்புத் தெரிவித்து, முகம் மாற்றப்பட்டது. 2024-ல் வேளி மைதானத்தில் எரிக்கலாமா கூடாதா என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், அனுமதி கிடைத்தது. காட்சிக்கூடத்தில் உள்ள எத்தனை சிற்பங்களுக்கு ஊர் இப்படிச் சண்டை போடும்? ஆனால் எனக்குப் பிடித்தது மைதானத்தில் இரும்புச் சட்டத்தின் மேல் பல மாடி உயரத்துக்கு எழும் பெரிய பாப்பாஞ்ஞி அல்ல. சந்துமுனையில் பையன்கள் கட்டும் ஆளுயரக் கிழவன். அவனைக் கட்டிய பையன் மறுவருஷம் தம்பிக்குக் கட்டக் கற்றுக்கொடுக்கிறான். பொருள் சாம்பலாகிறது, கைப்பழக்கம் மிஞ்சுகிறது. எரிந்துபோவதால்தான் ஒவ்வொரு ஆண்டும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கிறது. செய்வதால்தான் மறக்காமல் இருக்கிறது. நாட்டுப்புறக் கலை பிழைக்கும் சூட்சுமம் இதுவே என்பது என் எண்ணம்.

வேளியின் கயிறு

சூட்சுமத்தைத் தினசரி வேலையில் பார்க்க வேண்டுமானால் வேளியில் உள்ள சலவைத்துறைக்குப் போக வேண்டும். டச்சுக்காரர்கள் படைவீரர் உடுப்பு வெளுக்கத் தமிழகத்திலிருந்து தங்கள் முன்னோரை வரவழைத்ததாக அங்குள்ள வண்ணார் குடும்பங்கள் வழிவழியாகச் சொல்கின்றன. இன்றைய கட்டடத்தை 1976-ல் ஜி.சி.டி.ஏ. கட்டிக்கொடுத்தது. வெளிநாட்டுப் பயணிகள் அங்கே வந்து வெள்ளைத் துணி வரிசையைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். துணியைத் தாங்கும் கயிற்றைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள். கிளிப்பே கிடையாது.

"அண்ணாச்சி, கிளிப் போட்டா வேலை சுலபமில்லையா?" என்று அங்கே ஒரு பெரியவரைக் கேட்டேன். "கிளிப்புத் துரு துணியில கறை வைக்கும் தம்பி. கயிறு கறையும் வைக்காது, காத்துக்கும் துணியைக் குடுக்காது" என்றார். தேய்க்கும் பெட்டிக்குத் தேங்காய்ச் சிரட்டைக் கரி. மற்றவர்கள் துருவிவிட்டு எறிந்த சிரட்டை இங்கே நெருப்பாகிறது. சலவைத் தொழிலில் சேங்கொட்டைச் சாறு தொட்டுத் துணி மூலையில் இடுகிற குறி இன்னொரு கலை. இரண்டு கோடு, ஒரு புள்ளி. ஊரில் நூறு வீட்டு வேட்டி கலந்தாலும் பிரித்துவிடுவார்கள். பானை ஓட்டில் கீறியிருக்கும் குறிகளை ஆராய நாம் கருத்தரங்கு வைக்கிறோம். வேட்டி மூலையில் இருந்த குறியை யாராவது ஒரு நோட்டில் எழுதி வைத்தோமா? இரண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்தால்தான் மதிப்பா?

யூதத் தெருவில் ஆட்டுக்கல்

நான்காவது விடை மட்டாஞ்சேரி யூதத் தெருவில். 1568-ல் கட்டிய பரதேசி யூதர் ஆலயம் தெருவின் கோடியில் இருக்கிறது. யூதக் குடும்பங்கள் பெரும்பாலும் இஸ்ரேலுக்குப் போய்விட்ட பிறகு, மிளகு நெடி அடித்த தெருவில் பழம்பொருள் கடைகள் பெருகின. உருளி, வெற்றிலைச் செல்லம், ஊறுகாய்ப் பரணி, தூண், கதவு, நிலை. செட்டிநாட்டு வீடுகளை இடித்தபோது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு எப்படி ஆனதோ, அப்படி. பொருளைக் காப்பாற்றியதற்காக இந்த வியாபாரிகளுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். இல்லாவிட்டால் பாதி உலைக்குப் போயிருக்கும். ஆனால் விலைச்சீட்டில் வயது எழுதியிருக்கிறது, பெயர் எழுதியிருப்பதில்லை. பாயசம் காய்ச்சிய உருளி, ஓட்டல் வரவேற்பறையில் பூ மிதக்கும் தொட்டியாகிவிட்டது. ஒரு விடுதித் தோட்டத்தில் எங்கள் அக்கா மகள் கேட்டாள்: "மாமா, இது பறவைக்குத் தண்ணி வைக்கிற கல்லுதானே?" அது ஆட்டுக்கல். அவள் மேல் தப்பில்லை. அவள் பிறந்ததிலிருந்து அது அப்படித்தான் இருக்கிறது.

இதே பழம்பொருளை வேறு விதமாக நடத்தவும் முடியும். 1996-ல் சென்னைக்கு அருகில் முட்டுக்காட்டில் திறந்த தட்சிணசித்ராவில், இடிக்க இருந்த செட்டிநாட்டு வீட்டையும் கேரள வீட்டையும் பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். வீடு எங்கிருந்து வந்தது, அதில் எந்தத் தொழிலார் வாழ்ந்தார்கள் என்று சொல்கிறார்கள். குயவரும் நெசவாளரும் அங்கே உட்கார்ந்து வேலை செய்து காட்டுகிறார்கள். பொருளோடு பெயரும் கையும் சேர்ந்து வந்துவிட்டன.

நம் வீட்டில் என்ன செய்கிறோம்?

இப்போது நம் பக்கம் திரும்புவோம். வெளிமாநிலத் தமிழ்ச் சங்க விழாக்களில் "பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்" என்று பிள்ளைகளுக்குப் போட்டி வைப்பது பழகிவிட்டது. நடப்பது என்ன? முந்தின நாள் சாயந்திரம் அப்பா கடைக்கு ஓடி, தெர்மகோல், பசை, ஜிகினா, புது பிளாஸ்டிக் ஸ்டிரா எல்லாம் வாங்கி வருகிறார். அம்மா இரவு ஒரு மணி வரை ஒட்டுகிறாள். பிள்ளை பரிசு வாங்குகிறது. மறு வாரம் அத்தனையும் தொட்டிக்குப் போகிறது. தொட்டியிலிருந்து எங்கே போகிறது? 2023 மார்ச் 2 அன்று பிரம்மபுரம் குப்பைமேடு தீப்பிடித்து, பத்து நாளுக்கு மேல் கொச்சியே புகையில் மூச்சுத் திணறியதே, அந்த மாதிரி இடத்துக்குத்தான். கழித்த பொருளிலிருந்து கலை என்ற பெயரில் புதுக் குப்பை உண்டாக்குகிறோம்.

நம் பாட்டிமார்கள் போட்டி வைக்காமலே இதைச் செய்தவர்கள். பழைய காகிதத்தை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, ஊறின வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் போட்டு அரைப்பார்கள். வெந்தயத்தின் வழவழப்பு பசை. அதன் கசப்பு பூச்சிக்கு எதிரி. அந்தக் கூழைக் கவிழ்த்த குடத்தின் மேல் சீராக அப்பி, வெயிலில் காயவைத்து எடுத்தால் கூடை. அரிசிக்கும் பயறுக்கும் வருஷக் கணக்கில் உழைக்கும். அதே கூழை முறத்தில் மெழுகினால் இடுக்கில் தானியம் சிக்காது. கல் சமையலறையை விட்டுப் போன அன்றே அந்தக் கூடையும் போய்விட்டது. மிக்ஸியில் அரைக்கலாம்தான்; அரைக்கத் தோன்றவில்லை. ஒரு சாமான் வீட்டை விட்டு வெளியேறும்போது தன்னோடு எத்தனை வேலையைக் கூட்டிக்கொண்டு போகிறது பாருங்கள்! தேய்ந்த சேலை தூளியானதும், தூளி கிழிந்து கரித்துணியானதும், ஒட்டுப்போட்ட போர்வையானதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் இரண்டு. வருகிற பொங்கல் விழாவில் பிள்ளைகள் போட்டிக்குக் கடையில் வாங்கிய எதையும் சேர்க்கக் கூடாது என்று விதி வையுங்கள். வீட்டில் உள்ள ஒரு பெரியவரோடு உட்கார்ந்து செய்ததாக இருக்கட்டும்; பரிசு இருவர் பெயருக்கும் போகட்டும். காகிதக் கூடை, துணிப் பொம்மை, கொட்டாங்கச்சிக் கரண்டி எதுவானாலும் சரி.

இன்னொன்று, ஒவ்வொரு வீட்டிலும் மூலையில் ஓர் அம்மியோ, பித்தளைத் தவலையோ, மரக்காலோ கிடக்கும். ஃபிளாட் மாறும்போது அதை ஆக்ரிக் கடைக்கோ யூதத் தெருவுக்கோ கொடுக்க நேரலாம். இடப் பற்றாக்குறை யாருக்குத்தான் இல்லை? கொடுப்பதற்கு முன்னால் ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதுங்கள்: அதன் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தது, யார் புழங்கினார், எதற்குப் புழங்கினார். ஒரு படமும் எடுத்துச் சங்கத்தில் கொடுங்கள். ஐம்பது குடும்பம் எழுதினால் அடுத்த ஆண்டு மலரில் அதையே ஒரு பகுதியாகப் போடலாம். ஆஸ்பின்வால் ஹவுஸில் அந்த 170 கற்களுக்குக் கிடைக்காத பெயர், நம் வீட்டுக் கல்லுக்காவது கிடைக்கும்.